முப்பத்தெட்டு வெள்ளிக் கோபம்

முப்பத்தெட்டு வெள்ளிக் காசு, ஏழு செப்புக் காசு. பியான் என்ற வைத்தியர், கோங் அம்மாளுக்குத் தர வேண்டியது அவ்வளவுதான். முப்பத்தெட்டு வெள்ளியை அவள் சாதாரணமாகச் சொன்னாள். ஏழு செப்பைச் சொல்லும்போது பல்லைக் கடித்தாள்.

"அந்தச் சில்லறையையும் விடலையாம்மா?" என்றான் ஹௌ.

"பெட்டியைக் கவுத்துப் போட்டுத் தட்டி எடுத்துட்டுப் போனான்டா, பாவி."

துப்பறியும் ஷெங் தேநீர்க் கிண்ணத்தில் விரல்களைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் போலீஸில் இருந்தவர். அவர் வேலையை விட்டாரா, வேலை அவரை விட்டதா என்று ஹௌ கேட்டதில்லை. ஹௌ படகுத்துறையில் மூட்டை தூக்கியவன். தோள்பட்டை இறங்கிய பிறகு ஷெங்குக்கு உதவியாளாக வந்தான். ஷெங்குக்கு மூளை இருந்தது. வாயை ஹௌ பார்த்துக்கொண்டான்.

முன்கட்டில் கோங் அம்மாளின் ஆட்கள் மருந்து வேர்களைச் சீவிக்கொண்டிருந்தார்கள். ஜாங்ஷூ ஊரே அந்தக் கத்திச் சத்தத்தில்தான் விடியும், அடங்கும். கணவன் போன பிறகு அந்தக் கடையை அவள் ஒருத்தியாகத்தான் நடத்தினாள்.

"பெட்டிக்குப் பக்கத்துல வேற எதுவும் இல்லையா?" என்று ஷெங் கேட்டார்.

"என் தங்க வளையல் ரெண்டு இருந்துச்சு. அதைத் தொடலை."

"கண்ணு தெரியாத திருடன் போல" என்றான் ஹௌ.

"பெட்டி எங்க இருந்தது?"

கோங் அம்மாள் குனிந்து தன் கைகளைப் பார்த்தாள். பிறகு, "என் மடியில" என்றாள்.

அது மகன் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம். போன வருடம் வெள்ளத்தில் மருந்துப் படகு கவிழ்ந்து மகன் போனான். அவள் அழவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தவள், உட்கார்ந்தபடியே இருந்தாள். சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. நான்கு வைத்தியர்கள் வந்து நான்கு விதமாகக் கஷாயம் காய்ச்சினார்கள். ஊரில் பாதிப் பேர் அவளுக்குச் சவப்பெட்டிப் பலகை பார்த்தாயிற்று. ஐந்தாவதாக வந்தவன்தான் பியான்.

"நாடி பாக்கலை. நாக்கை நீட்டச் சொல்லலை. வந்ததும் 'வாத்து இருக்கா?'ன்னான். உப்புக்கண்டம் போட்டு வெச்சிருந்த என் வாத்து அத்தனையும் தின்னான். மது ஜாடியைக் காலி பண்ணான். என் கட்டில்ல செருப்போட படுத்தான். கேட்டா, 'மகனுக்கு நீச்சல் சொல்லிக்குடுக்கத் துப்பில்லாதவ என்னைக் கேள்வி கேக்குறியா?'ன்னான்." அவள் கிண்ணத்தை ஓங்கிக் கீழே வைத்தாள். "ஒருநாள் காலைல எழுந்து பாத்தா ஆளும் இல்ல, மடியில காசும் இல்ல."

"எழுந்து பாத்தீங்களா?" என்றார் ஷெங். "அப்ப தூங்கியிருக்கீங்க."

"அவனோட தொண்டை கிழியச் சண்டை போட்ட அசதி."

ஷெங் தலையை ஆட்டிக்கொண்டார்.

"புது வருஷத்துக்கு முன்னாடி காசு வந்தாகணும். வாசல்ல மங்கலத்துக்குச் செந்தாள் ஒட்டினப்புறம் யாரும் யார்கிட்டயும் கடன் கேக்கக் கூடாது. வந்ததுல அஞ்சுல ஒரு பங்கு உங்களுக்கு" என்றவள், அவர்கள் எழுந்தபோது சேர்த்துச் சொன்னாள்: "அவன் மூஞ்சியையும் பாத்துட்டு வாங்க. எப்படி இருக்கான்னு."

*

பியான் எங்கே இருக்கிறான் என்பதைக் கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் தேவையே இல்லை. படகோட்டி மா கிழவனைக் கேட்டால் போதும்.

"பாய்ஷா துறையில இருக்கான். இங்கேருந்து ஏழாவது துறை" என்றான் மா, துடுப்பைப் போட்டபடி. "நான்தானே ரெண்டு பேருக்கும் நடுவுல தபால்!"

"என்ன தபால்?"

"மாசா மாசம் அந்த வைத்தியன் கோங் அம்மாவுக்குக் கணக்கு சொல்லி அனுப்புவான். 'உன் வீட்டுக்கு நடந்து வந்ததுல என் செருப்பு தேஞ்சுது, எட்டு காசு அனுப்பு.' அடுத்த மாசம், 'உன் வாத்து எலும்பு பல்லுல மாட்டி இன்னும் வலிக்குது, பன்னெண்டு காசு.' நான் போய்ச் சொல்வேன். அந்தம்மா ஆடித் தீத்துடும். அப்புறம் அவனுக்குத் திட்டு சொல்லி அனுப்பும். அதுவும் எப்படி? போற வழியில ஒவ்வொரு துறையிலயும் படகை நிறுத்திக் கத்தணும். கத்தினாத்தான் கூலி."

"என்னன்னு கத்துவே?"

மா நெஞ்சை நிமிர்த்தினான். "பாய்ஷா பியான் பொணம் தின்னி! அவன் கையில நாடியைக் குடுத்தா நாடியும் திரும்பி வராது, காசும் திரும்பி வராது!" ஆற்றங்கரையில் துணி துவைத்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். கடைசி வரியை இரண்டு பேர் கூடவே சொன்னார்கள். அவர்களுக்கு மனப்பாடமாகியிருந்தது.

"நல்ல தொண்டை" என்றான் ஹௌ. "நாடகத்துக்குப் போயிருக்கலாம். கழுதை வேஷத்துக்கு ஆள் தேடுறாங்களாம்."

ஷெங் சிரிக்கவில்லை. "கடைசியாக் கணக்கு எப்ப வந்தது?"

"ரெண்டு மாசமா இல்லை. அலுத்துப்போச்சோ என்னமோ."

ஷெங் படகின் ஓரத்தில் உட்கார்ந்து, போகும் வழியெல்லாம் தண்ணீரையே பார்த்தார். பிறகு ஹௌவிடம் மெதுவாகச் சொன்னார்: "தங்கத்தை விட்டுட்டு வெள்ளியை எடுத்தான். எடுத்தவன் ஓடலை, ஒளியலை. நான் இங்கதான் இருக்கேன்னு மாசா மாசம் சொல்லி அனுப்புறான். இவன் என்ன ஜாதித் திருடன்டா?"

"வேலை தெரியாதவன், அண்ணே. பாதிப் பேர் அப்படித்தான் பொழைக்கிறாங்க. நம்மளும்தான்."

*

பாய்ஷா துறையில் இறங்கித் தேநீர்க் கடையில் வழி கேட்டார்கள். கடைக்காரன் தரையில் துப்பினான்.

"அந்தப் பொணம் தின்னிகிட்ட வைத்தியத்துக்கா போறீங்க? போன வருஷத்துலேருந்து ஒரு நாய்கூட அவன் வாசலை மிதிக்கலை." பிறகு சாவகாசமாகச் சொன்னான்: "போறதுன்னா சீக்கிரம் போங்க. இன்னைக்குத் தூக்குறாங்க."

சந்துக் கோடியில் மண் வீடு. வாசலில் மெல்லிய பலகையில் அடித்த சவப்பெட்டி. தூக்குவதற்கு மூன்று பேர்தான் வந்திருந்தார்கள். சோயாப்பால் விற்கும் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்திதான் துக்கத்துக்கு வெள்ளைத் துணி கட்டியிருந்தாள். அவள் ஹௌவின் தோளைப் பார்த்தாள். ஹௌ ஷெங்கைப் பார்த்தான்.

"என்னை ஏன்டா பாக்குறே? போய்ப் பிடி."

"கடன் வசூல் பண்ண வந்து கடன்காரனையே தூக்குறது நானாத்தான் இருப்பேன்" என்று முணுமுணுத்தபடி ஹௌ நாலாவது மூலைக் கயிற்றைத் தோளில் மாட்டினான். மூட்டை தூக்கிய உடம்புக்கு எடை தெரியும். பலகையின் எடைதான் இருந்தது. உள்ளே ஆள் இருக்கும் எடை இல்லை.

மண் தள்ளிவிட்டுத் திரும்பியபோது ஷெங் அந்த வீட்டு அரிசிப் பானைக்கு முன்னால் குந்தியிருந்தார். பானைக்குள் ஒரு மணி அரிசி இல்லை. அடியில் பச்சைத் துணி முடிச்சு ஒன்று இருந்தது. அவிழ்த்தார். முப்பத்தெட்டு வெள்ளி. ஏழு செப்பு.

"இது இருக்கையிலயா பட்டினி கிடந்தான்?" என்றான் ஹௌ.

"இருமல்னு சொன்னாரு" என்றாள் சோயாப்பால்காரி. "ரெண்டு மாசமாப் படுத்த படுக்கை. வெறும் வயிறுன்னு எனக்குத் தெரியும். நான் ஒரு கிண்ணம் குடுப்பேன், பாதி குடிப்பாரு. கேட்டா, 'இந்தக் காசு என்னுது இல்ல'ம்பாரு. போறதுக்கு முந்தின நாள் என்னைக் கூப்பிட்டு, படகுக்காரன்கிட்ட ஒரு கணக்கு சொல்லிவிடச் சொன்னாரு. ஜுரத்துல உளறுறாருன்னு நான் போகலை."

"என்ன கணக்கு?"

அவள் சொன்னாள். ஷெங் அதைக் கேட்டுவிட்டுத் துணி முடிச்சை மறுபடி கட்டினார்.

"ஹௌ, மூட்டை தூக்குறப்ப நீங்கல்லாம் ஒரு பாட்டு பாடுவீங்களே."

"எது? மரம் மண்ணை மடக்கும், மண்ணு தண்ணியை மடக்கும், தண்ணி நெருப்பை மடக்கும், நெருப்பு உலோகத்தை மடக்கும், உலோகம் மரத்தை மடக்கும், ஏலேய் தூக்குடா. மருந்துக் கிடங்குல அதுதானே எங்களுக்கு ஒண்ணு ரெண்டு மூணு."

"கோங் அம்மா அழுதிருந்தா அது துக்கம். அவ அழலை. யோசிச்சு யோசிச்சு உள்ளுக்குள்ள இறுகிப்போனா. வைத்தியத்துல அந்த அஞ்சுக்கும் ஆளுக்கொரு குணம் உண்டே, யோசனை எதோட சேத்தி?"

"மண்ணு. வயித்துக்குரியது. அதான் சோறு இறங்கலை."

"மண்ணை மடக்குறது?"

"மரம்."

"மரத்தோட குணம் என்ன?"

ஹௌ பச்சைத் துணியைப் பார்த்தான். மரத்தின் நிறம். வாத்து, மது ஜாடி, செருப்போடு கட்டிலில் படுத்தது, நீச்சல் பேச்சு எல்லாம் வரிசையாக அவன் தலைக்குள் வந்து நின்றன.

"கோபம்" என்றான்.

"அதைத்தான் மருந்தாக் குடுத்தான். அவ எதை மடியில வெச்சு மறுகிக்கிட்டிருந்தாளோ அதையே எடுத்துக்கிட்டான். கோபம் ஆறிடக் கூடாதேன்னு மாசத்துக்கு ஒரு வேளை அனுப்பிக்கிட்டிருந்தான். காசைச் செலவு பண்ணா திருட்டாகும். திருப்பிக் குடுத்தா மருந்து முறிஞ்சிடும். அதான் பானைக்குள்ள."

"அவ ஆடி ஆடித் துறைக்குத் துறை திட்டச் சொன்னா" என்றான் ஹௌ மெதுவாக. "அதைக் கேட்டுத்தான் இவன்கிட்ட ஒருத்தனும் வரலை."

"அதை அவகிட்ட சொல்லக் கூடாது. ஒண்ணுமே சொல்லக் கூடாது. செத்துட்டான்னு சொன்னா கோபம் போயிடும், மறுபடி சுவரைப் பாத்து உக்காந்துடுவா. பட்டாடை தைச்சுப் போட்டுக்கிட்டு ஹான்கோ பட்டணத்துக்கு ஓடிட்டான்னு சொல்லிடுவோம். காசுல ஒரு கல்லு நட்டுடலாம் அவனுக்கு."

"நம்ம அஞ்சுல ஒரு பங்கு?"

"ஓடிட்டவன்கிட்ட வசூல் ஏது?"

ஹௌ வானத்தைப் பார்த்தான். "ஒருத்தன் பட்டினி கிடந்து வைத்தியம் பண்ணான். நாம பட்டினி கிடந்து துப்பறியறோம். இந்த ஆத்துத் தண்ணியிலதான் ஏதோ இருக்கு."

இருந்தாலும் ஒரு விஷயத்தில் அவன் விட்டுக்கொடுக்கவில்லை. சாவு வீட்டிலிருந்து நேராக இன்னொரு வீட்டுக்குள் போகக் கூடாது, தீயைத் தாண்டித் தீட்டைக் கழிக்க வேண்டும். சோயாப்பால்காரி வாசலில் வைக்கோலைக் கொளுத்தினாள். ஹௌ ஒரே தாவலில் தீயைத் தாண்டினான். ஷெங் நீள அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு தாண்டினார். வெள்ளி முடிச்சு ஹௌவின் இடுப்பில் ஏறியது.

*

மறுநாள் கோங் அம்மாள் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஷெங் சொல்லச் சொல்லக் கேட்டாள்.

"ஹான்கோவுக்கா?"

"ஆமா. உங்க காசுல பட்டு அங்கி தைச்சுக்கிட்டானாம். துறையில நின்னு உங்க பேரைச் சொல்லிச் சிரிச்சானாம்."

"பட்டா? என்ன நிறம்?"

"பச்சை" என்றார் ஷெங். நல்ல பொய்யனுக்கு வேண்டிய எல்லாம் அவரிடம் இருந்தன, முகத்தைத் தவிர.

கோங் அம்மாள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "உங்க அங்கி ஓரம் கருகியிருக்கு, ஐயா."

ஷெங் குனிந்து பார்த்தார்.

"வைக்கோல் கரி. அடுப்புப் பக்கம் போனா முன்பக்கம் கருகும். உங்களுக்குச் சுத்தியும் கருகியிருக்கு, தீயைத் தாண்டினவங்களுக்குக் கருகுற மாதிரி. இவனுக்கு இடுப்பு ஒரு பக்கமாத் தொங்குது. நேத்து நேரா நடந்துதான் போனான். முப்பத்தெட்டு வெள்ளி இருந்தா அப்படித்தான் தொங்கும். மாசக்கணக்கா மடியில சுமந்தவ நான், எனக்கு எடை தெரியாதா?" அவள் குரல் உயரவில்லை. "எப்பச் செத்தான்?"

ஹௌ முடிச்சை அவிழ்த்து மேசைமேல் வைத்தான்.

"மூணு நாள் ஆச்சு" என்றார் ஷெங். "அவன் உங்களை ஏமாத்தலைம்மா. அது..."

"தெரியும்."

"தெரியுமா?"

"செருப்பு தேஞ்சதுக்கு எட்டுக் காசு கேட்டானே, அன்னைக்கே தெரியும். ஆத்திரத்துல ரெண்டு கிண்ணம் சோறு தின்னுட்டு, படுத்து, எழுந்து, யோசிச்சேன். முப்பத்தெட்டு வெள்ளியோட போனவன் எட்டுக் காசுக்கு எதுக்குடா ஆள் அனுப்புறான்னு. பொறந்ததுலேருந்து மருந்துக் கடையில கிடக்கிறவ, மரமும் மண்ணும் எனக்குத் தெரியாதா?" அவள் வெள்ளிக் காசுகளைப் பார்த்தாள், தொடவில்லை. "தெரிஞ்சுதுன்னு காட்டிக்கிட்டா நிறுத்திடுவான். மாசத்துக்கு ஒருக்கா மா கிழவன் குரல் துறையில கேக்கும். அன்னைக்கு எனக்கு வேலை ஓடாது. என்ன கேக்கப் போறானோன்னு. பதிலுக்கு நானும் நல்லாத் திட்டி அனுப்புவேன். அவனும் சிரிப்பான்னு நினைச்சேன். ரெண்டு மாசம் குரல் வரலை. அதான் உங்களைக் கூப்பிட்டேன். காசா எனக்குப் பெருசு?"

ஷெங்கும் ஹௌவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். அவள் அதையும் கவனித்தாள்.

"என்ன? இன்னும் என்ன மறைக்கிறீங்க? எதுல செத்தான்?"

"இருமல்" என்றார் ஷெங்.

அவள் ஹௌவைப் பார்த்தாள். "நீ சொல்லு. நீதானே அவனைத் தூக்கினே? தோள்ல கயிறு அழுத்தின தடம் இருக்கு. எடை எவ்வளவு இருந்தான்?"

ஹௌ தலையைக் குனிந்துகொண்டான். அதுவே பதிலாகிவிட்டது.

அவள் கண்ணெதிரே ஏழு துறையும் வந்து போயிருக்க வேண்டும். படகு, மா கிழவனின் தொண்டை, கூடவே சேர்ந்து சிரித்த பெண்கள்.

"யாரும் வைத்தியத்துக்குப் போகலை, இல்ல?" என்றாள். "நான் கத்தச் சொன்னேன், ஊரு நம்பிடுச்சு. நான் விளையாட்டுக்குத் திட்டினது ஊருக்குத் தெரியுமா? அவன் சோத்தையும் சேத்து நான்தான் தின்னிருக்கேன்."

அவள் கைகள் தாமாக மடிக்கு வந்து, ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்தன. அங்கே பெட்டி இல்லை, ஆனால் பெட்டியைப் பிடிப்பது போலத்தான் பிடித்திருந்தாள். கண் சுவருக்குப் போய்விட்டது. கஞ்சியில் ஆடை படிந்தது. முன்கட்டில் கத்திச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. வேலையாட்கள் எட்டிப் பார்த்தார்கள். போன வருடம் அவள் உட்கார்ந்திருந்தது அவர்களுக்கு மறக்கவில்லை.

"அண்ணே" என்றான் ஹௌ, கிசுகிசுப்பாக. "போயிடுவா போலிருக்கு."

ஷெங் தொண்டையைக் கனைத்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கடன்காரன் வீட்டு வாசலில் நிற்கும் வசூல்காரன் மாதிரி விறைப்பாக நின்றார்.

"பியான் கடைசியா ஒரு கணக்கு சொல்லியிருக்கான். படகுல ஏத்த ஆள் இல்லாம நின்னுபோச்சு. 'கோங் வீட்டுக்காரி போட்ட கூச்சலைக் கேட்டுக் கேட்டு என் காது தேஞ்சுபோச்சு. காதுக்கு ஒரு காசு வீதம் ரெண்டு காசு. நல்ல காசா அனுப்பச் சொல்லு, அந்தக் கஞ்சம் பிடிச்சவ தேஞ்ச காசாப் பொறுக்கி அனுப்புவா.'"

சுவரைப் பார்த்த கண் அசையவில்லை. ஹௌ மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு அவள் கழுத்தில் ஒரு சிவப்பு ஏறுவதைக் கண்டான். அது கன்னத்துக்கு ஏறியது, காது மடலுக்கு ஏறியது.

"கஞ்சம்னா சொன்னான்?"

"சொன்னான்."

"என் வாத்து அத்தனையும் தின்னவனா?" மேசையில் ஓங்கி அடித்தாள். வெள்ளிக் காசுகள் குதித்தன. "பசிக்குதுடின்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பத் தெரியலை, காதுக்கு ரெண்டு காசு கேக்கத் தெரியுதா? செத்தும் என்னை விடமாட்டானா? திருட்டு நாயே! திமிர் பிடிச்சவனே!" என்று கத்திக்கொண்டே, கண்ணீர் வழிய வழிய, ஆறிப்போன கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். குடித்துவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டாள்.

*

வருடத்தின் கடைசி நாள். எல்லா வாசலிலும் செந்தாள் ஒட்டப் பசை கிண்டிக்கொண்டிருந்தார்கள். முப்பத்தெட்டு வெள்ளியைக் கோங் அம்மாள் வைத்தியர் கட்டணம் என்று சொல்லி எடுத்து வைத்தாள். கல்லறைக்குக் கல், அவனுக்குச் சோயாப்பால் கொடுத்தவளுக்கு மீதி. ஏழு செப்பில் தேயாததாக இரண்டைப் பொறுக்கி, கல்லுக்குக் கீழே வைக்கச் சொல்லித் தனியாக முடிந்தாள். மீதி ஐந்து மா கிழவனின் தொண்டைக்கு.

ஷெங்குக்குக் கூலி நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"வசூலானா அஞ்சுல ஒண்ணும்மா. இது வசூலாகலை, தீந்துபோச்சு."

ஹௌ கண்ணை மூடிக்கொண்டான். புது வருடத்துக்கு அவர்கள் வீட்டில் முள்ளங்கிதான்.

துறையில் மா கிழவன் படகில் ஏறி நின்று கத்தினான்: "பாய்ஷா வைத்தியர் பியான் யாருக்கும் கடன் இல்லை. கோங் வீட்டு அம்மாவைப் பொழைக்க வெச்சவர்." துணி துவைத்த பெண்களில் ஒருத்திகூட நிமிரவில்லை.

"இதென்ன முனகல்?" கோங் அம்மாள் முழங்கால் வரை தண்ணீரில் இறங்கிவிட்டாள். "திட்டச் சொன்னப்ப ஏழு ஊருக்குக் கேட்டுதே, அந்தத் தொண்டை எங்கேடா போச்சு? கத்து! எல்லாத் துறையிலயும் கத்து! அவங்க நிமிர்ற வரைக்கும் கத்து!"

மா மறுபடி கத்தினான். அவளும் கூடச் சேர்ந்து கத்தினாள். அவள் முகத்தில் இருந்தது கோபமா, துக்கமா, ஐந்தில் எது என்று ஹௌவுக்குப் பிடிபடவில்லை. படகு வளைவு திரும்பி மறைந்த பிறகும் ஆற்றின் மேலிருந்து குரல் வந்தது. யாருக்கும் கடன் இல்லை, யாருக்கும் கடன் இல்லை.

அவள் ஈரக் காலோடு வீட்டுக்குப் போய், தன் கையாலேயே வாசலில் செந்தாளை ஒட்டினாள்.